கேட்பதற்கு ஓர் இடம்

(சந்தாபுராவில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுதந்திரம், அரசாங்கம், உடல்நலம், அன்றாட வாழ்க்கை என்று நான்கு பெரிய சொற்களை எனக்குத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் சட்ட அறிஞர்களும் மருத்துவர்களும் பொருளாதார வல்லுநர்களும் இந்த நான்கையும் சேர்த்து வைத்து நூறாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகிறார்கள். அந்த விவாதத்திலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வோம். ஆனால் பேச்சு ஓசூர் ரோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள். அவற்றை அடுத்து எலக்ட்ரானிக் சிட்டி. தெற்கே போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள், ஆனேக்கல் வட்டத்தின் பழைய குடிகளான கன்னடர்களோடும் தெலுங்கர்களோடும் ஒரே தெருவில் வாழ்கிற ஊர் இது. அந்த நான்கு சொற்களும் இங்கே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அதனால் இந்த ஊரை வைத்தே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம்முடைய உடல்நலத்தைத் தீர்மானிக்கிற முடிவுகளை யார் எடுக்கிறார்களோ, அவர்களை நேரில் கேள்வி கேட்க ஓர் இடம் இருப்பதுதான் சுதந்திரம். அந்த இடம் இல்லாத ஊரில் மற்ற உரிமைகள் எல்லாம் காகிதத்தில் இருக்கும். நோய் மட்டும் வீட்டில் இருக்கும்.

முதலில் அமெரிக்காவின் வழக்கமான விவாதத்தைப் பார்ப்போம். அங்கே சுதந்திரம் என்றவுடன், என் உடம்பில் அரசு கை வைக்கக் கூடாது என்பதுதான் முதலில் வரும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபோது எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதார வாரியம் ஆணையிட்டது. ஜேக்கப்சன் என்ற போதகர் மறுத்தார். ஐந்து டாலர் அபராதம் போட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1905இல் தீர்ப்பு வந்தது: ஒருவருடைய சுதந்திரம் ஊரார் உயிருக்கு ஆபத்தாகும்போது நியாயமான கட்டுப்பாட்டை விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. கொரோனா காலத்தில் முகக்கவசம் பற்றியும் தடுப்பூசி பற்றியும் அங்கே எழுந்த வழக்குகள் பலவற்றில் இந்த 1905 தீர்ப்பைத்தான் இரு தரப்பும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் அந்த விவாதம் நடந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்புக்கு வழக்குத் தொடுத்தவர் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தடுப்பூசி போட்டுக்கொள்ள எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே மாதம் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் வேறு இரண்டு செய்திகளும் உண்டு. பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம். தடுப்பூசிச் சோதனைகளின் தரவுகளும், ஊசி போட்ட பின் நேரும் பாதிப்புகளின் விவரமும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

இவை பெரிய தீர்ப்புகள். மனித மாண்பைக் காப்பவை. ஆனால் ஊசியை நான் மறுக்கலாம், கையெழுத்தை மறுக்கலாம், ஆதார் எண்ணைக் கூடச் சில இடங்களில் மறுக்கலாம். தண்ணீரை எப்படி மறுப்பது? என் போர்வெல்லில் எது வருகிறதோ அதைக் குடிக்க வேண்டும், அல்லது கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டும். காற்றையும் சாக்கடையையும் கொசுவையும் தனி ஒருவராக நின்று எவரும் மறுக்க முடியாது. இவற்றில் சுதந்திரம் வேண்டுமானால் ஊர் கூடித்தான் பெற முடியும். இந்தக் கூட்டுச் சுதந்திரத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை.

சந்தாபுரா ஏரிக்கு வருகிறேன். சுமார் 24 ஏக்கர் ஏரி. தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலந்து இது சீரழிந்த செய்தி பத்திரிகையில் வந்தது. யாரும் மனுப் போடாமலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக விசாரணைக்கு எடுத்தது. 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு சிற்றூர் ஏரிக்காக ஒரு மாநில அரசின் மேல் 500 கோடி! நாடு முழுவதும் அன்று சந்தாபுராவின் பெயரைப் படித்தது.

ஏரி எப்படிச் சாகிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுச் சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன. வயலுக்கு உரம் போடுவது போலத்தான் அவை ஏரியில் வேலை செய்கின்றன. பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டி வளர்கின்றன. அவை அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீன் செத்து மிதக்கிறது. பிறகு வெயில் காலத்தில் துர்நாற்றம். சோப்புத்தூளில் உள்ள வேதிப்பொருள் மதகில் விழுந்து கொந்தளிக்கும்போது நுரையாகிறது. இதன் மேல் தொழிற்சாலைக் கழிவும் கலந்தால், மண்ணில் தங்கிவிடும் உலோகங்களை அப்புறப்படுத்துவது சாக்கடையைச் சுத்தம் செய்வதை விடப் பல மடங்கு கடினம்.

இந்த ஏரி தனியாக இல்லை. இது நிரம்பினால் தண்ணீர் முத்தநல்லூர் ஏரியை நோக்கிப் போகிறது. ஆனேக்கல் பக்கத்து ஏரிகள் பலவும் தட்சிண பினாகினிப் படுகையைச் சேர்ந்தவை. அந்த ஆற்றை எல்லை தாண்டினால் தென்பெண்ணை என்கிறோம். நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறக் கழிவை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை கடந்து கடலூர் அருகே கடலில் சேர்கிற ஆறு. கெலவரப்பள்ளியில் மலை மலையாக நுரை பொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே வேலை செய்கிற ஒரு தம்பி கழுவிவிடும் கழிவு, ஊரில் அவன் அப்பா பாய்ச்சும் தண்ணீரில் போய்ச் சேர முடியும். இதில் கன்னடத் தண்ணீர், தமிழ்த் தண்ணீர் என்று பிரிக்க என்ன இருக்கிறது?

இனி உடல்நலம். சாக்கடை கலந்த நீரால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எளிதில் கண்ணில் படாத இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, டெங்கு. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் மக்கள் என்ன செய்வார்கள்? டேங்கர் லாரி வரும் நாளில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். மூடாத டிரம்மில் ஒரு வாரம் பத்து நாளில் கொசு வளர்ந்துவிடும். காய்ச்சல் வந்தபின், வீட்டில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். தேக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று அந்த நோட்டீசில் ஒரு வரியும் இருக்காது. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்ற முடிவு ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவு. அதுதான் காய்ச்சலாக வீட்டுக்கு வருகிறது.

இரண்டு, நைட்ரேட். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர் குழிக்குள் இறங்கி நிலத்தடிக்குப் போகிறது. அருகிலேயே போர்வெல் இருந்தால் நைட்ரேட் ஏறும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. அதிகமானால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும்; குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நம்பி, அக்கறையோடு காய்ச்சுகிற தாய்க்கு இது எப்படித் தெரியும்? சோதனை செய்து, முடிவை அவளுக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்ல வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதே அரசாங்கம் பற்றிய கேள்வி.

அரசியல் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர் வழங்கல், பொதுச் சுகாதாரம், துப்புரவு, கழிவு மேலாண்மை எல்லாம் அதில் உண்டு. ஆனால் மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களை நகராட்சிக்கு 'வழங்கலாம்' என்றுதான் அது சொல்கிறது. கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டளை இல்லை. அதனால் பல ஊர்களில் பொறுப்பு நகராட்சியின் தலையிலும், பணமும் அதிகாரமும் மாநிலத்தின் கையிலும் தங்கிவிட்டன.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. உங்களில் பலர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் கிராமசபை என்று சிறுவயதிலேயே பார்த்திருப்பீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து தலைவரிடம் கணக்குக் கேட்கலாம். கர்நாடகத்திலும் பஞ்சாயத்துச் சட்டம் கிராமசபையையும் வார்டுசபையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பெருநகரங்களுக்கு அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவு வார்டு குழுக்களை வைத்திருக்கிறது. ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும்தான் அது கட்டாயம். நடுவில் இருக்கிற சந்தாபுரா போன்ற ஊருக்கு? கிராமப் பஞ்சாயத்தாக இருந்தவரை கிராமசபை இருந்தது. புரசபை, அதாவது நகராட்சி, ஆனபின் வரி கூடியது, மாடி வீடு கூடியது, மக்கள் கூடினர். கேட்பதற்கு இருந்த கூட்டம் சட்டத்தின் இடைவெளியில் விழுந்துவிட்டது. ஊர் வளர வளர ஊராரின் குரல் சுருங்குகிறது என்றால் அந்த வளர்ச்சியில் ஏதோ அடிப்படைப் பிசகு இருக்கிறது.

கேட்கும் இடம் பறிபோனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்ற நகரம். ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். நம் பொம்மசந்திராவைப் போலத் தொழிலாளர் ஊர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தொழிற்சாலைகள் மூடிப் போய் நகராட்சி கடனில் விழுந்தது. அப்போது மாநில ஆளுநர் தேர்தலில் நிற்காத ஓர் அவசர நிர்வாகியை நியமித்து, மக்கள் தேர்ந்தெடுத்த மேயர், கவுன்சிலின் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தார். இதற்கு இடமளித்த சட்டத்தை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஏறக்குறைய அதே போன்ற வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, டெட்ராய்ட்டிலிருந்து வந்த தண்ணீரை நிறுத்தி ஃப்ளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். அந்த நீர் அரிப்புத் தன்மை உடையது. குழாயை அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. தண்ணீர் நிறம் மாறியது, உடம்பெல்லாம் தடித்தது என்று தாய்மார்கள் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் எங்கள் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. அந்தத் தொழிற்சாலைக்கு மட்டும் வேறு தண்ணீர் கிடைத்தது. இரும்புக்குக் கிடைத்த செவி குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர், தம் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, தண்ணீர் மாறியபின் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். அதற்கு முன்பே லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் வீடு வீடாக நீர் மாதிரி சேகரிக்க, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு அதைச் சோதித்திருந்தது. முதலில் அதிகாரிகள் அந்த மருத்துவரின் மேலேயே பாய்ந்தார்கள். பிறகு ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது. அதற்குள், அந்தத் தண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட லீஜனேர் என்ற நுரையீரல் நோயில் 12 பேர் இறந்திருந்தார்கள்.

ஃப்ளின்டில் அறிவியல் இல்லாமல் இல்லை. குழாய் அரிப்பைத் தடுக்கும் முறை பல பத்தாண்டுகளாகத் தெரிந்த ஒன்று. சட்டம் இருந்தது, துறை இருந்தது, நிபுணர்கள் இருந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மக்களுக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டிய ஒருவர் இல்லை. அடுத்த தேர்தலில் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் பதவியில் இருந்திருந்தால், அவள் கொண்டுவந்த பாட்டிலை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்த்திருப்பார்.

இது தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாக 2015இல் தேர்தல் நடந்தது. மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே நகரை ஆண்டார்கள். 2025இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தபோதும் கவுன்சிலர் ஒருவரும் இருக்கவில்லை. தமிழ்நாடும் மேல் இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிகளுக்கு பெரும்பாலான ஊரகங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல். நகரங்களில் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சட்டமன்றத் தேர்தல் ஐந்தாண்டு தள்ளிப்போனால் நாடே கொந்தளிக்கும். வார்டுத் தேர்தல் தள்ளிப்போனால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். சாக்கடையும் குழாயும் கொசுவும் வார்டில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். உள்ளூர் மன்றங்களில் ஊழல் மலிந்திருக்கிறது, பணமில்லை, படிப்பில்லை. நல்ல அதிகாரி ஒருவரிடம் விட்டால் வேலை நடக்கும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இதற்கு மூன்று பதில்கள் உண்டு.

பணமில்லை என்ற வாதத்துக்கு மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் என்ற சிறு நகரத்து மக்கள் பதில் வாங்கினார்கள். திறந்த சாக்கடை, தெருவில் மலம், சாராய ஆலைக் கழிவு. பொறுக்க முடியாத ஒரு வார்டு மக்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில், பொதுத் தொல்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி கையை விரித்தது: நிதி இல்லை. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு வந்தது. 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் சட்டக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று அறுதியிட்டது. சாக்கடை கட்டுவதை மனித மாண்போடு சேர்த்துப் பார்த்த முன்னோடித் தீர்ப்பு அது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1996இல், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளால் பாலாறு கெட்ட வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் கொண்டுவந்த மனுவில், மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டமாயிற்று. இன்று சந்தாபுரா ஏரிக்குத் தீர்ப்பாயம் பேசும் மொழியைப் பாலாற்றங்கரை மக்கள் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

திறமையில்லை என்ற வாதத்துக்குக் கர்நாடகமே பதில். ராமகிருஷ்ண ஹெக்டே அமைச்சரவையில் ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் அப்துல் நசீர் சாப். 1983இல் பஞ்சாயத்துச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1987இல் தேர்தல் நடத்தி, அந்த மன்றங்களில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியவர். நாட்டின் அரசியல் சட்டம் அந்த வழிக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. கிராமம் கிராமமாகப் போர்வெல் போட்டுக் கைப்பம்பு வைத்ததால் மக்கள் அவரை 'நீர் சாப்' என்றே அழைத்தார்கள். அதிகாரத்தைக் கீழே கொடுத்ததும் தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுவந்ததும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன.

ஊழல் என்ற வாதத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பதில் உத்திரமேரூரில் கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறையில் ஆண்டுக்கு ஒருமுறை வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். ஏரிக்கென்றே ஏரி வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கவே கூடாது. இதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்த ஓலையில் இடம் இருந்தது. வயலில் இறங்கியவருக்கும் மதகைத் திறந்து மூடியவருக்கும் பெண்ணுக்கும் இல்லை. அவர்களுடைய விதியை எடுத்துக்கொள்வோம், அவர்களுடைய வேலியை எடுத்துவிடுவோம். கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதியும், ஊரில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஓலை என்ற நம் காலத்து நியாயமும் சேர்ந்தால் ஊழலுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

அமெரிக்காவிலும் கீழிருந்துதான் மாற்றம் வந்தது. 1969 ஜூனில் கிளீவ்லாந்து நகரில் கையஹோகா ஆறு தீப்பற்றியது. எண்ணெய்க் கழிவு அவ்வளவு. அதற்கு முன்பும் பலமுறை எரிந்த ஆறுதான். இம்முறை மேயர் கார்ல் ஸ்டோக்ஸ், அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் மேயரான முதல் கறுப்பினத்தவர், மறுநாளே பத்திரிகையாளர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் எந்தக் குழாயிலிருந்து எது வருகிறது என்று காட்டினார். 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. மாசு செய்பவர் மேல் சாதாரணக் குடிமகனே வழக்குப் போட அது வழி வைத்தது. நம் பெல்லந்தூர் ஏரியும் 2015இலும் 2017இலும் 2018இலும் எரிந்தது. மறுநாள் கரையில் நின்று பொறுப்பேற்ற மேயரை நாம் பார்த்தோமா?

இனி நாம் செய்ய வேண்டியவை.

முதலாவது, இந்த மேடையில் என்னைப் போல் பேசுகிறவர்களுக்கு. மருத்துவரும் பொறியாளரும் வழக்கறிஞரும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வதை நிறுத்த வேண்டும். இங்கிருந்து சில கிலோமீட்டரில் உலகப் புகழ் பெற்ற இதய மருத்துவமனையும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் நிபுணர்கள் மாதம் ஒரு மாலை இந்த ஊரின் நீர்ச் சோதனை முடிவைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஊராருக்கு விளக்கட்டும். புலியேல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தடுப்பூசித் தரவை மக்கள் முன் வை என்றது. குடிநீர்த் தரவுக்கும் அதே நியாயம்தான்.

இரண்டாவது, புரசபைக்கு. மூன்று லட்சம் மக்கள் இல்லை என்பதால் வார்டு குழு கட்டாயமில்லை. ஆனால் தானாக முன்வந்து கூட்டம் நடத்துவதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் தொடங்கின. முதலமைச்சரே பம்மலில் ஒரு சபையில் போய் உட்கார்ந்தார். அதில் குறைகள் உண்டு. ஆனாலும் தொடக்கம் அது. இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டு வார்டாகக் கூட்டம் போடுங்கள். ஏரிப் பணிக்கு வந்த பணம், செலவான பணம், சாக்கடை எங்கே முடிந்தது, எங்கே நின்றது என்று வாசியுங்கள். மக்கள் கேட்கட்டும்.

மூன்றாவது, நமக்கு. கேட்கும் உரிமையைச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில். ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில். உயிரையும் சுதந்திரத்தையும் அந்தச் சட்டம் ஒரே மூச்சில் சொல்கிறது. என் வார்டு போர்வெல் தண்ணீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, நைட்ரேட் எவ்வளவு, புளோரைடு எவ்வளவு என்று ஒரு தாள் எழுதிப் போடுங்கள். ஒருவர் போட்டால் ஒரு பதில் வரும். தெருவுக்கு ஒருவர் போட்டால் ஊர் வரைபடமே கிடைக்கும். அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்திடமும் போகலாம்.

நான்காவது, வெளியூரிலிருந்து வந்து இங்கே வாழ்கிற நம் மக்களுக்கு. உங்களில் பலருடைய ஓட்டு இன்னும் சொந்த ஊரில் இருக்கிறது. தேர்தலுக்குப் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறீர்கள். ஊர்ப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பிள்ளை குடிக்கும் தண்ணீர் சந்தாபுராவில் இருக்கிறது. பத்து வருடமாக இங்கே வாடகை கொடுக்கிற ஒருவர், இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இல்லை என்றால், கவுன்சிலருக்கு அவர் கண்ணில் படமாட்டார். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் பெயர் சேர்க்க உரிமை உண்டு. இடம் மாறியவர் படிவம் 8 எழுதிக் கொடுத்தால் போதும். கூடவே, கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு வேண்டிய நாலு வார்த்தையோடு நிறுத்திவிடாமல், புரசபைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஏரி யாருடையது என்ற கேள்விக்கு, இதன் அருகில் வாழ்கிற எல்லோருடையதும் என்று பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவரும் நீங்களும் சேர்ந்து ஒரே மேசை முன் நின்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் எழுந்து நின்று பதில் சொல்வார்.

தீர்ப்பாயம் 500 கோடி என்று எழுதியதால் ஏரி தெளிந்துவிடாது. நீதிமன்றம் கதவைத் திறக்கலாம். ஒவ்வொரு நாளும் உள்ளே போய்க் கேட்பது ஊராரின் வேலை. தன் உடம்பைத் தான் ஆள்வது சுதந்திரத்தின் ஒரு பாதி. தன் ஊரைத் தன்னவர்களோடு சேர்ந்து ஆள்வது மறுபாதி. முதல் பாதிக்காக நீதிமன்றங்களில் வாதாடிய அறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மறுபாதியை வேறு யாரும் நமக்கு வாங்கித் தர முடியாது. அடுத்த புரசபைக் கூட்டம் எந்தத் தேதி என்று நாளைக் காலையே போய்க் கேளுங்கள். கேட்டு எழுதி வந்து இந்தத் தெருவில் ஒட்டுங்கள். அன்றைக்கு எல்லோரும் போவோம்.